மொரிஷியஸ் தமிழாசிரியர்களுக்கு உதவும் புத்தகங்களும் இணைய வளங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசுத் தொடக்கப் பள்ளியில் தமிழ் சொல்லித்தருபவர்களும் கோவில் மண்டபத்தில் சனி, ஞாயிறு வகுப்பு எடுப்பவர்களும் எங்கே கூடினாலும் பேச்சு புத்தகத்தில்தான் வந்து நிற்கிறது. எது நல்லது, எங்கே கிடைக்கும், நம் பிள்ளைகளுக்கு ஒத்துவருமா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்ஆப்பில் பதில் போடுவதைவிட ஒரே இடத்தில் எழுதிவைத்தால் எல்லோருக்கும் ஆகும் என்று தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன்.

பாடப்புத்தகம்தான் இருக்கிறதே, அப்புறம் எதற்கு வேறு புத்தகம் தேட வேண்டும்?

மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம் நம் பள்ளிகளுக்குத் தயாரிக்கும் பாடநூல்தான் அடிப்படை. ஆறாம் வகுப்பு முடிவில் வரும் தேர்வும் அதை ஒட்டித்தான். அதைத் தள்ளிவைக்கச் சொல்லவில்லை.

ஆனால் நம் பிள்ளைகளின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். வீட்டில் இங்குள்ள பேச்சுமொழியான கிரியோல், தொலைக்காட்சியில் பிரெஞ்சு, மற்றப் பாடங்கள் ஆங்கிலத்தில். தமிழ் காதில் விழுவது அந்த ஒரு பாடவேளையில் மட்டும். பாடப்புத்தகத்தில் ஒரு சொல் இரண்டு மூன்று இடத்தில் வந்துவிட்டுப் போய்விடும். பிள்ளையின் மனதில் தங்க அது போதாது. அதே சொல் ஒரு கதையிலும் ஒரு பாட்டிலும் ஒரு விளையாட்டிலும் திரும்ப வர வேண்டும். வெளியிலிருந்து நாம் தேடுவது அதற்காகத்தான்.

தமிழ்நாட்டு ஒன்றாம் வகுப்புப் புத்தகம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதையே நம் ஒன்றாம் வகுப்புக்கு எடுத்துக்கொள்ளலாமா?

அப்படியே எடுக்க வேண்டாம். அந்தப் புத்தகம் ஏற்கெனவே தமிழ் பேசத் தெரிந்த குழந்தைக்காக எழுதப்பட்டது. மதுரையில் ஒன்றாம் வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு 'பட்டம்' என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை, எழுத்தை மட்டும் காட்டினால் போதும். நம் பிள்ளைக்குச் சொல், ஒலி, எழுத்து மூன்றும் ஒரே நேரத்தில் புதிது. இந்த ஒரு வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் எந்த வளத்தையும் நீங்களே எடைபோட்டுவிடலாம். அட்டையில் போட்டிருக்கும் வகுப்பு எண்ணைப் பார்க்காதீர்கள், அதை வாசிக்கப்போகும் பிள்ளையைப் பாருங்கள்.

அந்தப் புத்தகங்களில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது: படங்கள், பாட்டுகள், விளையாட்டுகள். பக்கங்களில் உள்ள கியூஆர் கோடுகளை இந்திய அரசின் தீக்ஷா செயலியால் திறந்தால் காணொளிகளும் வரும். மூன்றாம், நான்காம் வகுப்பில் ஓரளவு வாசிக்கத் தொடங்கிய பிள்ளைகளுக்கு அங்குள்ள ஒன்றாம் வகுப்புப் பாடம் சரியாகப் பொருந்துவதும் உண்டு.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காகவே செய்த தமிழ்ப் பாடம் எதுவும் இல்லையா?

இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் இப்போது தமிழ் இணையக் கல்விக்கழகம். அதன் தளத்தில் 'மழலைக் கல்வி' என்று ஒரு பகுதி இருக்கிறது. எழுத்து, எண், பாட்டு, கதை, உரையாடல் எல்லாம் படத்தோடும் ஒலியோடும் உண்டு. தோற்றம் கொஞ்சம் பழையதுதான், ஆனால் உச்சரிப்பு தெளிவாக இருக்கும். அதற்கு மேல் அடிப்படை, இடை, மேல் என்று மூன்று நிலைச் சான்றிதழ்ப் படிப்புகளும் வைத்திருக்கிறார்கள். கோவில் வகுப்புகளுக்கு ஆண்டுத் திட்டம் போட நினைப்பவர்கள் அந்த அடிப்படைநிலைப் பாடவரிசையைப் பார்த்துவிட்டுத் தொடங்கினால் பாதி வேலை முடிந்துவிடும்.

கதைப் புத்தகத்துக்கு எங்கே போவது? இங்கே கடையில் தமிழ்ப் படக்கதை கண்ணிலேயே படுவதில்லை.

முதலில் ஸ்டோரிவீவர் தளத்துக்குப் போங்கள். இந்தியாவின் பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015இல் தொடங்கிய தளம் அது. தமிழில் ஏராளமான படக்கதைகள் அங்கே இருக்கின்றன. நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். பிடிஎஃப் ஆக இறக்கி அச்செடுக்கலாம், திரையில் காட்டலாம். பல கதைகள் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் இருப்பதால் தமிழ் தெரியாத அம்மா அப்பாவுக்குப் பிரெஞ்சுப் பிரதியை அனுப்பிவைக்கலாம். பிள்ளை வீட்டில் தமிழில் வாசித்துக்காட்டும்போது என்ன கதை என்று அவர்களுக்கும் புரியும். பெற்றோர் ஆர்வம் காட்டினால் பிள்ளையின் வேகமே மாறிவிடும்.

கையில் பிடித்துப் பார்க்கும் புத்தகம் வேண்டுமென்றால் சென்னை தூலிகா பதிப்பகத்தின் தமிழ்-ஆங்கில இருமொழிப் படப்புத்தகங்கள் நன்றாக இருக்கும். விலை மலிவாக வேண்டும் என்பவர்களுக்குப் பாரதி புத்தகாலயத்தின் சிறுவர் வெளியீடுகள். பெரிய பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் நடத்திவரும் 'துளிர்' மாத இதழ்.

நிலை ஒன்று என்று போட்டிருக்கிற கதையைக்கூட என் வகுப்பில் வாசிக்க முடியவில்லை. என்ன செய்ய?

காரணம் இரண்டாவது பதிலில் சொன்னதுதான். நிலை ஒன்று என்பது தமிழ் வீட்டுப் பிள்ளைக்கான நிலை ஒன்று. ஸ்டோரிவீவர் கதைகள் திறந்த உரிமத்தில் இருப்பதால் எழுத்தாளர், ஓவியர் பெயரைப் போட்டுவிட்டுக் கதையை நாமே எளிமையாக்கிக்கொள்ளலாம். அந்தத் தளத்திலேயே அதற்கான வசதி இருக்கிறது.

எளிமையாக்குவது எப்படி? ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: 'மீனா கடைத்தெருவுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தபோது ஒரு நாய்க்குட்டியைப் பார்த்தாள்.' தமிழ் தெரிந்தவருக்கு இது சாதாரண வாக்கியம். நம் பிள்ளைக்கோ இரண்டாவது சொல்லிலேயே மூச்சு முட்டும். இதை 'மீனா கடைக்குப் போனாள். திரும்பி வந்தாள். ஒரு நாய்க்குட்டி! மீனா பார்த்தாள்' என்று உடைத்துவிடுங்கள். 'விட்டு', 'கொண்டிருந்த' போன்ற துணைவினைகளை எடுத்துவிட வேண்டும், ஒரு வாக்கியத்துக்கு ஒரு வினைதான் வைக்க வேண்டும், வேற்றுமை உருபில் முதலில் 'க்கு' மட்டும் போதும். படத்தைத் தொடாதீர்கள். ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு வாக்கியம். பிறகு அதே கதையின் முழு வடிவத்தை ஆண்டுக் கடைசியில் கொடுத்துப் பாருங்கள், கதை தெரிந்திருப்பதால் நீளமான வாக்கியத்துக்குப் பயப்பட மாட்டார்கள்.

எழுத்து வரிசையிலும் இதே கவனம் வேண்டும். அ, ஆ என்று பன்னிரண்டும் முடிந்த பிறகுதான் மெய் என்று காத்திருக்க வேண்டாம். ட, ப, ம என்ற எளிய வடிவங்களைக் காட்டி ஒரு புள்ளியும் வைக்கக் கற்றுக்கொடுத்தால் படம், மடம், பட்டம் என்று சொற்களை வாசித்துவிடுவார்கள். வாசிக்க முடிகிறது என்ற நம்பிக்கை முதல் மாதத்திலேயே வர வேண்டும்.

ஆத்திசூடி, குழந்தைப் பாட்டெல்லாம் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதற்கு?

நாக்குக்கு. ல, ள, ழ மூன்றையும் தனித்தனியாகச் சொல்லச் சொன்னால் பிள்ளைகள் களைத்துப்போவார்கள், பாட்டில் வந்தால் தானாகச் சொல்வார்கள். அழ. வள்ளியப்பா, கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை பாட்டுகளில் தொடங்குங்கள். ஆத்திசூடியைச் சிறிய வகுப்பில் சந்தத்துக்காகச் சொல்லவையுங்கள், பொருளை மேல் வகுப்பில் விளக்கிக்கொள்ளலாம்.

வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கே க் வருமா ப் வருமா என்று சந்தேகம். ஆசிரியருக்கு என்று எதைப் படிப்பது?

இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்கும் இதே சந்தேகம் உண்டு. முதலில் வைத்துக்கொள்ள வேண்டியது 'க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி'. 1992இல் முதலில் வந்தது, 2008இல் விரிவாக்கி வந்தது, மூன்றாம் பதிப்பு 2020இல். பொருளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கொடுத்து, அந்தச் சொல் இன்றைக்கு எப்படிப் புழங்குகிறது என்று எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு காட்டுகிறது. நமக்கு மிகவும் தேவைப்படுவது அந்த வாக்கியங்கள்தான். 'பார்' என்ற ஒரு சொல்லைத் திறந்து பாருங்கள், ஒரு வாரத்துக்கான பயிற்சி அங்கே கிடைக்கும். ஒற்று, சொற்களைச் சேர்ப்பது பிரிப்பது, நிறுத்தக்குறி ஆகியவற்றுக்கு மொழி அறக்கட்டளையின் 'தமிழ் நடைக் கையேடு' போதும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் பெரிய தமிழ் அகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். பழைய செய்யுளில் வரும் சொல்லுக்கு அதுதான் துணை, அன்றாடச் சொல்லுக்கு அதை நம்ப வேண்டாம். இலக்கணத்தை ஆங்கிலத்தில் படிப்பது எளிது என்பவர்களுக்குத் தாமஸ் லேமன் எழுதிய இக்காலத் தமிழ் இலக்கண நூல் இருக்கிறது. பிரெஞ்சு வழியாகப் படிக்க, மொழிகளைத் தானாகக் கற்க உதவும் அசிமில் புத்தக வரிசையில் தமிழுக்கு ஒரு புத்தகம் உண்டு. நம்மில் பலருக்குப் பிரெஞ்சு விளக்கம் சட்டென்று ஏறும் என்பதால் புதிதாகச் சேரும் துணை ஆசிரியர்களுக்கு அதைத்தான் முதலில் காட்டுவேன்.

பேச்சுத் தமிழா, எழுத்துத் தமிழா? எதைச் சொல்லித்தருவது?

தேர்வு எழுத்துத் தமிழில். அதனால் வாசிப்பும் எழுத்தும் அதில்தான் இருக்க வேண்டும். ஆனால் 'மாணவர்களே, அமருங்கள்' என்று நாள் முழுவதும் பேசிக்கொண்டிருந்தால் தமிழ் என்பது மேடையில் மட்டும் இருக்கும் மொழி என்று பிள்ளை நினைத்துவிடும். 'வாங்க, உட்காருங்க, புத்தகத்தைத் திறங்க' என்று வகுப்பு நடத்தும் பேச்சைப் பேச்சுத் தமிழிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர்ப் பள்ளிகளும் பேச்சுத் தமிழுக்கு வகுப்பில் இடம் கொடுத்திருக்கின்றன. அங்கும் வீட்டில் தமிழ் பேசாத பிள்ளைகள் நிறைய இருப்பதால் அவர்களுடைய அனுபவம் நமக்கு நெருக்கமானது.

வளம் என்று கேட்டால், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வாசு அரங்கநாதன் உருவாக்கிய தமிழ்ப் பாடங்கள் காணொளிகளோடு இணையத்தில் இருக்கின்றன, பேச்சும் எழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் வரும். ஆழமாகப் போக நினைத்தால் ஹெரால்ட் ஷிஃப்மனின் பேச்சுத் தமிழ் இலக்கணம், 1999இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. அது பெரியவர்களுக்கான நூல், வகுப்புக்கு எடுத்துப்போக முடியாது.

எப்படிக் கற்பிப்பது என்பதற்கு நல்ல புத்தகம் ஒன்று சொல்லுங்கள். பயிற்சியில் படித்ததெல்லாம் மறந்துபோச்சு.

ஒன்றோடு நிறுத்த மனம் வரவில்லை. குஜராத்தைச் சேர்ந்த கிஜுபாய் பதேக்காவின் நூல் தமிழில் 'பகல் கனவு' என்று கிடைக்கிறது. ஓர் ஆசிரியர் நான்காம் வகுப்பை வாங்கிக்கொண்டு கதையையும் விளையாட்டையும் வைத்து ஓராண்டு நடத்திக் காட்டுகிறார். ஒரே மாலையில் படித்துவிடலாம். டெட்சுகோ குரோயநாகி தான் படித்த ஜப்பானியப் பள்ளியை நினைவுகூரும் 'டோட்டோ-சான்' பலருக்குத் தெரிந்திருக்கும். ச. மாடசாமியின் 'எனக்குரிய இடம் எங்கே?' வகுப்பில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பற்றி யோசிக்கவைக்கும்.

நம் சூழலுக்கு மிக நெருக்கமானது என்று நான் நினைப்பது சில்வியா ஆஷ்டன்-வார்னர் 1963இல் வெளியிட்ட 'டீச்சர்' என்ற ஆங்கில நூல். நியூசிலாந்தில் அங்குள்ள பூர்வகுடிகளான மாவோரிக் குழந்தைகளுக்கு ஆங்கிலம் வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர். அச்சடித்த பாடம் அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கையைத் தொடவில்லை என்று கண்டு, ஒவ்வொரு பிள்ளையிடமும் 'உனக்கு என்ன சொல் வேண்டும்?' என்று கேட்டு ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தார். மறுநாள் பிள்ளைக்கு அது அடையாளம் தெரிந்தால் அந்தச் சொல் அவனுடையது. தெரியாவிட்டால் அட்டையைத் தூக்கிப்போட்டுவிட்டு வேறு சொல். இதைத் தமிழில் செய்து பாருங்கள். கடலோர ஊர்ப் பிள்ளை மீன் கேட்பான், தைப்பூசம் நெருங்கும்போது காவடி கேட்பார்கள், பாட்டி பெயரைக் கேட்கும் பிள்ளையும் இருக்கும். அட்டைக்கு ஆகும் செலவைத் தவிர ஒன்றும் இல்லை, ஒவ்வொருவர் கையிலும் தன் சொல் இருக்கும்.

வகுப்பில் கிரியோல் பேசி விளக்கலாமா? இன்ஸ்பெக்டர் வந்தால் என்ன நினைப்பார்?

அளவோடு பேசலாம் என்பதே என் கருத்து. புதிய சொல்லின் பொருளை ஒரு வினாடியில் கிரியோலில் சொல்லிவிட்டுத் தமிழுக்குத் திரும்புவது, பத்து நிமிடம் கையசைத்து விளக்குவதைவிட நல்லது. 2012 முதல் கிரியோலே தொடக்கப் பள்ளியில் விருப்பப் பாடமாக இருக்கிறது, பிள்ளைகளுக்கு அதை எழுதவும் தெரிகிறது. சொற்பட்டியலில் கிரியோல் பொருள் எழுதும்போது எழுத்துக்கூட்டல் பிசகாமல் இருக்க அர்னோ கார்ப்பூரானின் கிரியோல் அகராதியைப் பாருங்கள், முதற்பதிப்பு 2009.

இன்னொன்று, நம் கிரியோலிலேயே தமிழ் இருக்கிறது. கறிவேப்பிலைக்குச் சந்தையில் 'கரிபுலே', முருங்கைக் கீரைக்கு 'புரேத் முரும்', பீர்க்கங்காய்க்கு 'பிபங்காய்'. முதல் வாரச் சொற்பட்டியலை இவற்றிலிருந்து போடுங்கள். பிள்ளைக்குப் பாதி ஏற்கெனவே தெரியும்.

இலங்கைத் தளத்தில் எடுத்த பயிற்சியில் நாற்காலிக்குக் 'கதிரை' என்று இருக்கிறது. எது சரி?

இரண்டும் சரி. நூலகம் என்ற இணைய நூலகம் 2005 முதல் இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் சேர்த்துவருகிறது, நல்ல சுரங்கம் அது. ஆனால் தொடக்க நிலையில் ஒரு பொருளுக்கு ஒரு சொல் போதும், நம் பாடநூலில் உள்ளதை வைத்துக்கொண்டு மற்றதை மாற்றிவிடுங்கள். க்ரியா அகராதி இலங்கை வழக்கைக் குறியிட்டுக் காட்டும்.

பழைய பயிற்சித்தாளைத் திறந்தால் எழுத்தெல்லாம் கிறுக்கலாக வருகிறதே?

அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லாவிட்டால் அப்படித்தான் தெரியும். இணையத்தில் எழுத்துரு மாற்றி என்று தேடி, ஒட்டி, எந்தக் கணினியிலும் சரியாகத் தெரியும் பொதுக் குறிமுறையான யூனிகோடாக மாற்றிக்கொள்ளுங்கள். இனி அடிப்பதை யூனிகோடிலேயே அடியுங்கள். கணினியில் தமிழ்99 விசைப்பலகை, கைப்பேசியில் முத்து நெடுமாறனின் செல்லினம். தாளில் மட்டும் இருப்பதைப் படமெடுத்துக் கூகுள் டிரைவில் ஏற்றிக் கூகுள் டாக்ஸில் திறந்தால் பெரும்பாலும் எழுத்தாகிவிடும், ஒருமுறை பிழை பார்த்துக்கொள்ளுங்கள்.

என் வகுப்பறையில் இணையமே இல்லை. இதெல்லாம் எனக்கு எப்படி?

கதைகளை வீட்டில் பிடிஎஃப் ஆக இறக்கிப் பென்டிரைவில் கொண்டுபோகலாம். கிவிக்ஸ் என்ற இலவசச் செயலியில் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் இறக்கி இணையம் இல்லாமலே தேடலாம், மேல் வகுப்புத் திட்டப்பணிக்கு இது போதும்.

எஸ்சி, எச்எஸ்சி என்ற மேல்நிலைப் பள்ளித் தேர்வுகளுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு இலக்கியம் எங்கே எடுப்பது?

மதுரைத் திட்டம் என்ற இணையத் தளம். 1998 பொங்கலன்று தொடங்கி, உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தமிழ் இலக்கிய நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். குறள், சிலம்பு முதல் பாரதி வரை கிடைக்கும். அங்கே பெரும்பாலும் மூலம் மட்டும்தான், உரை வேண்டுமென்றால் மேலே சொன்ன தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகப் பகுதிக்குப் போங்கள். இக்காலச் சிறுகதை, கட்டுரைக்கு ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளம்.

நகலெடுத்துக் கொடுத்தால் காப்புரிமைப் பிரச்சினை வருமா?

இலவசமாகக் கிடைப்பது எல்லாம் நகலெடுக்கக் கூடியது ஆகிவிடாது. கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற திறந்த உரிமம் போட்டிருந்தால் அதில் சொன்ன நிபந்தனைப்படி எடுக்கலாம். பாரதியின் எழுத்து நாட்டுடைமை, கவலை இல்லை. ஆனால் தூலிகா போன்ற சிறிய பதிப்பகத்தின் புத்தகத்தை முழுதாக நகலெடுத்து முப்பது பிள்ளைகளுக்குக் கொடுப்பது அந்தப் புத்தகம் அடுத்து வராமல் செய்யும் வேலை. ஒரு பிரதி வாங்கி வகுப்பில் எல்லோருக்கும் காட்டி வாசியுங்கள்.

சாட்ஜிபிடி ஒரு நிமிடத்தில் வினாத்தாள் போட்டுத் தருகிறது. பயன்படுத்தலாமா?

நேரம் மிச்சமாகும், அதனால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வந்ததை வரிவரியாகப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள். ஒற்று விடுபடும், இல்லாத பழமொழியை இருப்பதுபோல் தரும், குறளை மாற்றி எழுதிவிடும். குறளோ பாட்டோ வந்தால் மதுரைத் திட்டத்தோடு ஒப்பிடுங்கள். நிலை ஒன்று கதைபற்றிச் சொன்ன அதே சிக்கல் இங்கேயும் உண்டு: கேட்காவிட்டால் தமிழ் வீட்டுப் பிள்ளைக்கு ஏற்ற வாக்கியத்தைத்தான் போடும். 'இந்த முப்பது சொற்களை மட்டும் வைத்து, ஒரு வாக்கியத்துக்கு ஒரு வினையோடு எழுது' என்று பாடநூல் சொற்களைக் கொடுத்துக் கேளுங்கள், தரம் நன்றாக மாறும்.

கையில் காசு கொஞ்சம்தான். ஒரே ஒரு புத்தகம் வாங்க முடியும் என்றால் எது?

க்ரியா அகராதி. மற்றவற்றில் பெரும்பாலானவை இணையத்தில் இலவசம். தனியாக வாங்க முடியாவிட்டால் ஒரு பள்ளியின் தமிழாசிரியர்களோ ஒரு கோவில் வகுப்போ சேர்ந்து ஒன்று வாங்கி அலமாரியில் வையுங்கள். தபால் செலவு புத்தக விலையை எட்டிவிடுவதால், பொங்கலை ஒட்டி இந்தியாவுக்குப் போகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லிவிடுங்கள். அந்தச் சமயத்தில் சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும், தள்ளுபடியும் உண்டு. பட்டியலில் புத்தகப் பெயரோடு பதிப்பகத்தின் பெயரையும் எழுதிக் கொடுங்கள், அரங்கைத் தேடி அலைய வேண்டியிருக்காது.